மாமா இருந்த புதன்கிழமைகள்

"உதெல்லாம் எழுதி என்ன காணப்போறாய் பிள்ளை? உது பாக்கிற விளையாட்டு, எழுதுற விளையாட்டு இல்லை."

இப்படிச் சொன்னவர் ரக்சி அங்கிள். அப்பாவின் சிநேகிதர், வாடகைக்கார் ஓட்டுபவர். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் மிச்சமாயிருந்த ஒரு கொப்பியில் கோடுகள் இழுத்து, எங்கள் நகரத்து பேஸ்போல் அணியின் ஆட்டங்களில் வீட்டில் பார்த்த ஒவ்வொன்றையும் எழுதிவந்தேன். எந்த நாள், எத்தனை மணி, யாரோடு ஆட்டம், வெற்றியா தோல்வியா, நிலவறையில் யார் யார் இருந்து பார்த்தார்கள், என்ன சாப்பிட்டார்கள். கடைசி இரண்டு நிரல்களும் ரக்சி அங்கிளால் வந்தவை. அணி வெல்வதும் தோற்பதும் மைதானத்தில் அல்ல, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில், எங்கள் வீட்டு நிலவறையில்தான் முடிவாகிறது என்பது அவருடைய உறுதியான கொள்கை.

அந்த நிலவறையில்தான் மாமாவும் குடியிருந்தார். அம்மாவின் தம்பி. பிக்கரிங்கில் ஒரு கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கட்டில் சுவரோடு தள்ளப்பட்டு, அறை மைதானமாகிவிடும். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைப் பேச்சில் கலந்துகொள்ளத்தான் முதலில் இந்த விளையாட்டு தேவைப்பட்டது. பிறகு இடைவேளை போதாமல் போய்விட்டது. கிரிக்கெட்டோடு வளர்ந்த மூவரும் பேஸ்போலை ஒரு சந்தேகத்தோடுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

"பத்துத் தரம் போய் மூண்டு தரம் அடிச்சால் இவன் பெரிய ஆளாம்," என்பார் ரக்சி அங்கிள். "எங்கட பள்ளிக்கூடத்தில பத்துக்கு மூண்டு எடுத்தால் முழங்காலில இருத்துவாங்கள்."

"அதுதானே அண்ணை, நீங்களும் நானும் இஞ்ச இருக்கிறம்," என்பார் மாமா.

அது பகிடி மட்டுமல்ல. அப்பாவின் படிப்பு ஒன்பதாம் வகுப்பில் இடம்பெயர்வோடு நின்றது. அம்மாவும் மாமாவும் அதற்கும் முன்னரே நிறுத்தியவர்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்த முதல் ஆள் நான்தான். அதை இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன்.

அந்த ஆண்டு யூன் மாதம் எங்கள் அணி தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வென்றது. அந்த எட்டு ஆட்டங்களுக்கும் யாரும் இருக்கை மாறவில்லை. அப்பா சோபாவின் வலப்பக்கம், ரக்சி அங்கிள் இடப்பக்கம், மாமா நிலத்தில், நான் சோபாவின் கைப்பிடியில். ரக்சி அங்கிள் ஒரே சேர்ட்டைத் தோய்க்காமல் போட்டுவந்தார். எட்டாவது வெற்றிக்குப் பிள்ளையார் கோயிலில் எட்டுத் தேங்காய் உடைத்தார். ஒன்பதாவது ஆட்டத்தன்று, வீட்டில் சேர்ட்டைத் தோய்த்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அன்று தோற்றோம். அதற்குப் பிறகு யூலையில், பள்ளி விடுமுறையோடு, தோல்வியும் ஒரு பழக்கமாகிவிட்டது.

பருவத்தின் நடுவில், இப்படியான நேரத்தில்தான், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும். எங்கள் அணி இரண்டு இளம் ஆட்டக்காரர்களைக் கொடுத்து, வயதான ஒரு பந்தெறிகாரரை வாங்கியது. நிலவறை கொதித்தது.

"இரண்டு கண்டுக்குட்டியைக் குடுத்து ஒரு கிழட்டு மாட்டை வாங்கியிருக்கிறாங்கள்!" என்றார் ரக்சி அங்கிள்.

"கிழடெண்டாலும் எறியத் தெரிஞ்ச மாடு, அண்ணை. இரண்டு கண்டும் இன்னும் பல்லே முளைக்காததுகள்," என்றார் மாமா.

"பொறுத்துப் பாப்பம்," என்றார் அப்பா. எந்த வாதத்திலும் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

அந்தக் கிழட்டு மாடு முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு மூன்று ஹோம் ரன் கொடுத்தது. ரக்சி அங்கிள் திரும்பிச் சோபாவின் கைப்பிடியைப் பார்த்தார்.

"நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது. பிள்ளை உதில குந்தியிருந்து எழுதுறதாலதான் உந்தத் தோல்வி. எழுதினால் கண்ணூறு படும். நாங்களும் ஒரு மாற்றல் செய்வம்."

நான் மேலே குசினிக்குப் போவேன், எனக்குப் பதிலாக அவருடைய மகன் கீழே வருவான். இதுதான் ஒப்பந்தம். அவனுக்கு எட்டு வயது. எத்தனை தவறு விட்டால் ஒருவன் வெளியே என்பதுகூட அவனுக்குத் தெரியாது. கையடக்க விளையாட்டுக் கருவியிலிருந்து தலையையும் தூக்க மாட்டான். அப்படி ஒருவனுக்கு என்னை மாற்றினார்கள். அப்பா "பொறுத்துப் பாப்பம்" என்றார். மாமா மட்டும் "பாவம், அவள் இருக்கட்டுமே" என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

மேலே அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. கொப்பியை எடுத்து, குசினி மேசையில் வைத்து எண்ணத் தொடங்கினேன்.

அந்த வாரம் முழுவதும் எண்ணினேன். நான் இருந்த ஆட்டங்கள் முப்பத்தொன்று, அதில் பதினேழு வெற்றி. நான் இல்லாதவை ஆறு, அதில் இரண்டுதான் வெற்றி. ஆகவே என்னால் தோற்கவில்லை. அப்படியென்றால் யாரால்? ரக்சி அங்கிள் இருந்த ஆட்டங்களில் பாதிக்குப் பாதி. அப்பாவும் அப்படியே. வடையும் அப்படியே. பிறகு மாமாவின் பெயரை எண்ணினேன். எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது இன்னிங்ஸில், நிலவறைப் படியின் நடுவில் நின்று வழக்கைத் தொடங்கினேன். என் எண்களை வாசித்தபோது ரக்சி அங்கிள் "அட, லோயர் வந்திட்டா" என்று சிரித்தார். அப்பாகூடத் திரும்பிப் பார்த்தார்.

"உண்மையில ராசியில்லாத ஆள் மாமாதான்," என்றேன்.

"ஐயோ, நானோ?" மாமா நெஞ்சில் கை வைத்தார்.

"ஓம். வேலைநாளில பகல் ஆட்டம் நாலு. நாலிலயும் மாமாவும் நானும் மட்டும்தான். நாலும் தோல்வி." அவர்கள் நம்பவேண்டுமே என்று வரி வரியாக வாசித்தேன். "புதன்கிழமை, பகல் ஒரு மணி. இருந்தவர்கள்: மாமா, நான். சாப்பிட்டது: மாமாவின் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த இடியப்பம், பாதி. தோல்வி. வியாழக்கிழமை, பகல் ஒரு மணி. மாமா, நான். புட்டு, பாதி. தோல்வி. அடுத்த புதன்கிழமை..."

ரக்சி அங்கிளின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா ரீவியைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. மாமா என் கொப்பியைப் பார்த்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால், படியின் மேலே, வடைத் தட்டோடு அம்மா நின்றார்.

"எத்தினை தரம் எண்டு சொன்னனி?"

"நாலு தரம், அம்மா. எல்லாம் எழுதியிருக்கிறன்."

அம்மா என்னைக் கடந்து இறங்கிவந்து, தட்டை மேசையில் வைத்தார். தம்பியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவன்தான் ராசியில்லாத ஆள்," என்றார். "எழும்பி மேல வாடா. வந்து தேங்காய் துருவித் தா."

மாமா எழுந்து போனார். போகும்போது என் தலையில் மெல்லக் குட்டினார். நான் சோபாவின் கைப்பிடியில் ஏறிக் குந்தினேன். அன்று அந்தக் கிழட்டு மாடு ஏழு இன்னிங்ஸுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எறிந்தது. அணி வென்றது. மாமா மேலே போனதால்தான் வென்றோம் என்று ரக்சி அங்கிளே ஒத்துக்கொண்டார். ஒரு தேங்காய் துருவ இவ்வளவு நேரமா என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆட்டம் முடிந்து நான் மேலே போனபோது தேங்காய் உடைபடாமல் அப்படியே இருந்தது. மாமாவின் முன்னால் மூன்றாவது கோப்பை தேநீர் இருந்தது.

மறுநாள் காலை ரக்சி அங்கிளின் வண்டி வாசலில் நின்றது. மாமா சவரம் செய்து, நல்ல சேர்ட் போட்டு, முன் இருக்கையில் ஏறினார். மிச்சக் கோடை முழுவதும் அப்படி ஏறினார். இருவரும் என்னை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறார்கள் என்று சில நாள் கோபத்தோடிருந்தேன். குளிர்காலம் வந்தபோது மாமா பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். இன்றும் ஓட்டுகிறார்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு புள்ளியியல் வகுப்புக்கு, நாமே திரட்டிய தரவு ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். புதன்கிழமை, பகல் ஒரு மணி, மாமா. அப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன், ஒன்பது வருடம் பிந்தி: வேலைநாளில் பகல் ஒரு மணிக்கு மாமாவுக்கு எங்கள் நிலவறையில் என்ன வேலை?

கிடங்கில் ஆட்களைக் குறைத்திருந்தார்கள். சொன்னால் அக்கா இன்னொரு சிஃப்ட் எடுப்பா என்று பயந்து, மாமா தினமும் வழமைபோலச் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டுப் போய் வேலை தேடினார். பகல் ஆட்டம் இருந்தால் பக்கக் கதவால் வந்துவிடுவார். அம்மா இரவு வேலை முடிந்து மேலே நித்திரை. அதனால்தான் ரீவியின் சத்தத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்திருந்தேன். நாலு மணிக்கு "ஒரு சாமான் வாங்கவேணும்" என்று போய், ஐந்து மணிக்கு முன்கதவால் களைத்து வருவார். அதுவும் என் கண்முன்னால்தான் நடந்தது. அதற்கு என் கொப்பியில் நிரல் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் எனக்குத் தந்த பாதியை மறக்காமல் எழுதியிருந்தேன்.

போன வாரம் புள்ளியியலில் முதுகலைக்கு இடம் தந்திருப்பதாகக் கடிதம் வந்தது. "அப்ப இந்தக் கோடைக்கு ஆரை விக்கிறது, ஆரை வாங்கிறது எண்டு நீயே சொல்லு," என்று ரக்சி அங்கிள் தொலைபேசியில் கேட்டார். எழுதி என்ன காணப்போகிறாய் என்று கேட்ட அதே குரல்.

நேற்றுப் புதன்கிழமை. பகல் ஆட்டம். பக்கக் கதவு திறந்து மாமா வந்தார்.

"ஏன் மாமா, இண்டைக்கு வேலை இல்லையோ?"

"லீவடி."

"உண்மையாவோ?"

மாமா சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து வேலை அட்டவணையை எடுத்து நீட்டினார். லீவுதான். புதுக் கொப்பியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதினேன். பிறகு, இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்குமுன், செப்டம்பரில் வருகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்பினேன்.