ஒரு கரண்டி தயிர்தானே

என் அக்காவுக்குப் பால் ஆகாது. தயிர், வெண்ணெய் எதுவுமே ஆகாது. உள்ளே போனால் உதடு வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். புகுந்த வீட்டில்தான் யாரும் நம்பவில்லை. "பால் ஒத்துக்காதாம் மகாராணிக்கு" என்று அவள் மாமியார் முகத்தைச் சுளிப்பார். நிஜமா நடிப்பா என்று பார்க்க ஒருநாள் சூப்பில் வெண்ணெயைக் கரைத்துக் கொடுத்தார். அக்கா ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் நின்றுகொண்டு அந்த அம்மாள் சொன்னது, "கொஞ்சூண்டுதானே போட்டேன்."

மன்னிப்புக் கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமாம்.

அந்தக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் அக்கா கடை போடுவதென்று முடிவு செய்தாள். மாடியில் மாமியாரோடு குடியிருப்பு, கீழே தெருவைப் பார்த்த அறையில் கடை, அதன் பின்னால் சமையல். பெயர்ப்பலகையில் 'வீகன்' என்று எழுதினாள். பாலும் முட்டையும் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. நான் காய் நறுக்குவேன், அத்தான் கல்லாவில் உட்காருவார், சாஸ் மட்டும் அக்கா கை. வறுத்த வெள்ளை எள்ளை அரைத்தெடுத்த தஹினி, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. வேறெதுவும் இல்லை. கோஸ், வெள்ளரி, அவித்த கொண்டைக்கடலை எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் நிரப்பி, மேலே அதைத்தான் ஊற்றுவோம்.

தஹினிக்கு ஒரு குணம் உண்டு. எலுமிச்சை பட்டதும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். கட்டி கட்டியாகத் திரண்டு, இனி உருப்படாது என்றே தோன்றும். அப்போது பயப்படாமல் ஐஸ் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அடிக்க வேண்டும். மெல்ல இளகி, வெளுத்து, வழவழப்பாக வந்துவிடும்.

பக்கத்துக் கடைத் தையல்காரருக்கும் அக்காவின் கோளாறுதான். முதல் நாள் வந்தபோது போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். எந்தக் கரண்டி, எந்தப் பாத்திரம், என்ன எண்ணெய் என்று.

"அண்ணே, எனக்கும் இதே தொல்லைதான். இந்தக் கடையில நீங்க எதையும் கேக்கவே வேணாம்" என்றாள் அக்கா.

அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். பெட்டியை வாங்குவார், போவார். அக்காவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு மதியம் எலுமிச்சை போதாமல் போயிற்று. வாங்கி வரப் புறப்பட்ட அக்கா அத்தானிடம், "நான் வர்ற வரைக்கும் சாஸ் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? வாசலில் கூட்டம் சேர்ந்ததும் ஐயாவுக்கு உதவி செய்யும் ஆசை வந்துவிட்டது. நான் முன்பக்கம் பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் தஹினியைக் கொட்டி, மிச்சமிருந்த சாற்றையெல்லாம் ஊற்றியிருக்கிறார். அது திரண்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷம் அந்தச் சாஸை வழித்து வழித்துச் சாப்பிட்டவர், அவள் அதை எப்படிச் செய்கிறாள் என்று ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நேராக மாடிக்கு, தாயாரிடம் ஓடியிருக்கிறார்.

"தயிரை ஊத்திக் கலக்குடா, சரியாயிடும்" என்று அந்த அம்மாள் பாத்திரத்தோடு கொடுத்திருக்கிறார். சாஸும் பால்போல் வெளுத்துவிட்டது.

"நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"கைப்பக்குவம்" என்றார். நானும் நம்பி ஊற்றினேன். தையல்காரர் வழக்கம்போல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் குறைந்ததும் கை கழுவப் போனேன். தொட்டியில் தயிர்ப் பாத்திரம் கிடந்தது. அந்த நேரம் அக்கா உள்ளே வந்தாள். பாத்திரத்தை எடுத்துக் காட்டினேன். அவள் எலுமிச்சைப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தையல்காரர் மெஷின்மேல் சாய்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா, உதடு வீங்கியிருந்தது, இழுத்து இழுத்து மூச்சு விட்டார். கையில் கிடைத்த வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். பிழைத்துவிட்டார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அக்கா மேலே கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டாள்.

வீடு திரும்பினால் அத்தான் சொல்கிறார்: "ஒரு கரண்டி தயிர்தானே? வேணும்னா செஞ்சேன்?"

மாமியார் ஒரு படி மேலே போனார். "வேற எதையோ தின்னுட்டாருன்னு சொல்லிடு. வெளிய தெரிஞ்சா கடை என்னாகிறது?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார், அதுவும் யாரிடம்!

அக்கா கத்தவில்லை. "அன்னைக்கு எனக்குக் கொடுத்தீங்க, இன்னைக்கு அவருக்கு. ரெண்டு தடவையும் கொஞ்சம்தானேன்னு சொல்றீங்க. உங்களுக்குக் கொஞ்சம். எங்களுக்கு உயிர்" என்றாள்.

மறுநாள் வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னாள். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். சமையல் பக்கத்துக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தானுக்குக் கோபமாம். இருக்கட்டும்.

தையல்காரர் உடம்பு தேறி ஒருநாள் வந்தார். பெட்டியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. தரையைப் பார்த்தபடி, தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதம்மா. இதுல பால் இல்லையே?" என்றார்.

அந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் அவள் கடையே போட்டாள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யார்மேல் கோபமோ, அவர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

அக்கா சாஸை ஒரு கரண்டி எடுத்து, அவர் எதிரிலேயே தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வீங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியை வாங்கினார்.

இப்போது தினமும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போகிறார்.