எட்டயபுரத்து அக்காவுக்குப் பின்னிய பிரம்பு நாற்காலி

கோவில்பட்டியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிரம்பு நாற்காலிக்கு இருக்கை பின்ன ஆளில்லை; "பிளாஸ்டிக் வயர் போட்டுத் தாரோம்" என்று மூவரும் ஒரே பாட்டு. என் நாற்காலியாக இருந்தால் சண்டை போட்டதோடு விட்டிருப்பேன். இது எட்டயபுரத்தில் இருக்கும் என் அக்காவுடையது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கெட்டியான எதிலும் அவளால் உட்கார முடியாது. இருக்கை கிழிந்ததிலிருந்து சாப்பாடுகூடக் கட்டிலில் சாய்ந்தபடிதான். நானே பின்னிவிடுவது என்று மதுரையில் பிரம்புப் பட்டைச் சுருள் வாங்கினேன். வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டு, ஆனிக் கடைசியில் கிளம்பினேன்.

கோவில்பட்டியில் காலை ஏழரைக்குப் பேருந்து. பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சாக்குக்கு வெளியே சுருள் எட்டிப் பார்த்தது.

"அண்ணாச்சி, உள்ள பாம்பு கீம்பு இல்லையே?" என்றார் நடத்துனர்.

"இருந்தா அதுக்கும் டிக்கெட் போடுவீரோ?"

சிரித்தார், போடவில்லை. வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. ஜன்னலில் மண்ணை வாரிக்கொண்டு காற்று வந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அக்கா வீட்டில் அவள் மகன், என் மருமகன், ஒரு புது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தான். "மாமா, பழச பழைய இரும்புக்காரன்ட்ட தள்ளிருவோம்" என்றான். நான் சாக்கை அவிழ்த்தேன். பட்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, சட்டத் துளைகளில் கோத்து, விண்ணென்று இழுத்துக் கட்டினேன். வீடியோக்காரர் அப்படித்தான் சொன்னார்.

கட்டிலில் இருந்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் தொய்வா விடுலே. நம்மூர்க் காத்துல ஈரத்துணியே மொறமொறன்னு ஆயிருது."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

மாலைக்குள் முடித்தேன். தவில் மாதிரி இருந்தது. காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிகாலையில் டப், டப் என்று சத்தம். யாரும் உட்காரவில்லை, பட்டைகள் தாமாகவே அறுந்துகொண்டிருந்தன. அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏலே, ஒனக்கும் அதுக்கும் ஒரே குணம். முறிஞ்சாலும் முறியும், தளராது."

கோபத்தில் வீடியோவைத் திரும்பப் போட்டேன். வீடியோக்காரருக்குப் பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சுருளில் மிச்சம் இன்னொரு இருக்கைக்குத்தான் காணும். தவறினால் பிளாஸ்டிக்தான். இந்தத் தடவை ஜன்னலைச் சாத்தினேன். பின்னி முடித்த பகுதியை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டே, ஒவ்வொரு பட்டையையும் விரல் நுழையும் அளவுக்குத் தொய்வாக விட்டேன். காய்ந்ததும் அது தானே இறுகிக்கொண்டது.

இந்தப் பக்கம் வந்து பிரம்பு பின்ன நினைப்பவர்கள் காற்றடிக்கும் ஆனி, ஆடியைத் தவிர்த்து ஐப்பசிக்கு மேல் வாருங்கள். தேவைக்கு இரண்டு பங்கு பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்காரப்போகிறவர் பக்கத்தில் இருந்தால், அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, சொல்கிறேன்.

மறுநாள் மதியம் மருமகன் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தான். பிரம்பு ஒருமுறை கிறீச்சிட்டு அமைதியானது. அவள் அசைந்து பார்த்தாள்.

"நடுவுல குழியா இருக்குலே."

"நீதான தொய்வா விடச் சொன்ன?"

"குழியாவே இருக்கட்டும். தட்டக் கொண்டா."

மடியில் தட்டை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் தடவை ரசம் கேட்டாள். எதிரே நானும் சாப்பிட உட்கார்ந்தேன். வீட்டில் மிச்சமிருந்தது அந்த பிளாஸ்டிக் நாற்காலிதான்.