லா பாஸில் யோகன் கூவிய மத்தியானம்

போன சனிக்கிழமை லண்டன் லூயிஷாம் சந்தையில் ஒரு பழக்காரன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். ஆங்கிலம்தான், ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், கடைசி எழுத்து மட்டும் மேலே எகிறி நின்றது. பழுத்த மாம்பழ மணம், அவன் பின்னால் நின்ற வான் வண்டியின் டீசல் புகை. வாங்க வந்த வெங்காயத்தை மறந்து நின்றுவிட்டேன். எனக்கு லா பாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

பொலிவியாவில், பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், ஒரு பெரிய சட்டிக்குள் வீடுகளை அள்ளிக் கொட்டியதுபோல இருக்கும் நகரம். நீ அங்கே ஏன் போனாய் என்று கேட்பீர்கள். இருபது வருசத்துக்கு முன் நானும் சிநேகிதன் யோகனும் ஒரே அலுவலகக் கட்டடத்தில் கிளீனிங் வேலை செய்தோம். கூட வேலை செய்த பொலிவியாக்காரி ஒருத்தி தேநீர் குடிக்கும் நேரமெல்லாம் தன் ஊரைப் பற்றியே பேசுவாள். எங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த கிழமையே யோகன் சொல்லிவிட்டான்.

"மச்சான், இவ்வளவு நாளும் துரத்தினதாலதான் நாடு நாடாப் போனனாங்கள். ஒருக்கா சும்மா போய்ப் பாப்பம்."

சும்மா போகிறவனின் முதுகுப்பையில் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயும் போனது. அந்த உயரத்தில் திறந்ததும் மூடி 'டப்' என்று பறந்து, எண்ணெய் என்னுடைய ஒரேயொரு வெள்ளைச் சட்டையில் தெறித்தது. முதல் இரண்டு நாளும் தலையிடி. பல் விளக்கினாலே மூச்சு வாங்கியது. விடுதிக்காரி கொக்கா இலையில் தேநீர் போட்டுத் தந்தாள். வைக்கோல் ஊறிய வெந்நீர் போலிருந்தது, ஆனால் தலையிடிக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் மினிபஸ் ஏறினோம். பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் கதவால் பாதி உடம்பை வெளியே நீட்டி, போகும் இடங்களின் பெயர்களை ஒரே மூச்சில் கூவிக்கொண்டு வந்தாள். நான் அதை ரசித்த ரசிப்பில், ஒரு சந்தியில் இறங்கும்போது இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்த சின்னப் பையைச் சீட்டிலேயே விட்டுவிட்டேன்.

பஸ்ஸைத் துரத்தி மேட்டில் ஐம்பது அடி ஓடியிருப்பேன். கண் இருண்டது. தெருவோரம் குந்தினேன். யாரோ தோளில் கை வைத்தார்கள். நிமிர்ந்தால் ஒரு வரிக்குதிரை. நீங்கள் சிரிப்பீர்கள், அந்த ஊரில் வரிக்குதிரை வேஷம் போட்டவர்கள்தான் சனங்களைத் தெரு கடக்கவைப்பார்கள். அது என்னைக் கட்டிப்பிடித்தது. நான் அழுதேன்.

யோகன் ஓடவில்லை. மெல்ல நடந்து வந்து பக்கத்தில் இருந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"மினிபஸ்தானே, சுத்தி இதாலதான் வரும். இருப்பம்" என்றான். யாழ்ப்பாணத்தில் ஒரு வருசம் மினிபஸ் கொண்டக்டராக நின்றவன். அந்த உலகத்தின் சட்டதிட்டம் அவனுக்குத் தெரியும். நானோ மனதுக்குள் மறுபடியும் குடிவரவு அலுவலக வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துப் பச்சைத் தொப்பி வந்தது. பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி, என்னைத் திட்டத் தொடங்கினாள். ஸ்பானிய மொழியில் எனக்குத் தெரிந்தது நன்றி என்ற ஒரே சொல். அவள் மூச்சு விட்ட இடங்களில் எல்லாம் அதைச் செருகினேன். காலையிலிருந்து கூவிக் கூவி அவள் குரல் கட்டிப்போயிருந்தது. யோகன் அதைக் கவனித்து, தன் தொண்டையைத் தொட்டு, பிறகு பஸ் கதவைக் காட்டினான். கொஞ்சம் யோசித்தவள் சிரித்து, முன் சீட்டில் போய் இருந்துகொண்டாள்.

பிறகு பஸ் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றி வரும்வரை யோகன் கூவினான். காலையில் கேட்ட பெயர்களை யாழ்ப்பாண மெட்டில் போட்டான். மறந்த இடங்களில் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாவகச்சேரியையும் கொடிகாமத்தையும் சேர்த்துக்கொண்டான். சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது, ஆனால் ஏறியது. ஒரு கிழவர் இறங்கும்போது அவனுக்கு அவித்த சோளம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதைக் கடித்தபடி சொன்னான்: "டேய், இஞ்ச ஒருத்தரும் நீ எங்கயிருந்து வந்தனீ எண்டு கேக்கேல்லை. பஸ் எங்க போகுது எண்டுதான் கேக்கினம்."

யோகன் இப்போது எட்மண்டனில் இருக்கிறான். முழங்கால் வலியால் ஒரு மாடி ஏறவும் லிப்ட் தேடுகிறான். லா பாஸிலும் இப்போது தலைக்கு மேலால் கேபிள் கார் ஓடுகிறது. போன வருசம் என் மகள் அங்கே போனாள். அவள் நின்ற இடமெல்லாம் நீலப் புள்ளியாக என் போனில் தெரிந்தது. புள்ளி கொஞ்சம் அசையாமல் நின்றால் நான் மெசேஜ் போட்டேன். அவள் சலிக்காமல் பதில் போட்டாள், பாவம்.

ஊரில் இருந்தபோது வெளிக்கிடும் ஒவ்வொரு முறையும் எங்கே போகிறோம் என்று சோதனைச்சாவடியில் சொல்லவேண்டியிருந்தது. லண்டன் வந்த பிறகு, இங்கேதான் இருக்கிறோம் என்று மாதாமாதம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. லா பாஸில் மட்டும், மூன்று கிழமை, நாங்கள் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் ஒருவருக்கும் இருக்கவில்லை.