தவிட்டுக்குப் போன காளி

என் விலை ஒரு முறம் தவிடு. சேலத்தில் குகை என்ற பகுதியில், ஓர் ஆடி மாதத்தில், எட்டு வயதில் என்னை அந்த விலைக்கு விற்றார்கள். இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆடிப் பண்டிகையில் எங்கள் ஊரில் வண்டி வேடிக்கை நடக்கும். மாட்டுவண்டிகளை ஜோடித்து, சாமி வேஷம் போட்டவர்களை ஏற்றி, தெருத்தெருவாக அம்மன் கோயிலைச் சுற்றி வருவார்கள். முந்தின ஆடியில் அம்மா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினாள். “அடுத்த வருசம் நீ மேல நிப்பே சாமி. நா கீழ நின்னு அண்ணாந்து பாப்பேன்.”

பங்குனியில் அவள் அம்மை கண்டு போய்விட்டாள். அம்மன் அழைத்துக்கொண்டாளாம். யாரைக் கேட்டு அழைத்தாள்? பார்க்க அவள் இல்லை, நிற்க நானாவது வேண்டாமா?

“சாவு உழுந்த ஊடு. வருசம் திரும்பாம இந்த ஊட்டுப் புள்ளை பண்டிகையில நிக்கக் கூடாது” என்றாள் அத்தை. அதே அத்தைதான் அப்பாவுக்கு ஜலகண்டாபுரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மாலை மாற்றத் தடையில்லாத வீட்டில் வேஷம் கட்டத் தடை! அப்பா தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

பண்டிகையன்று காலை எதிர்வீட்டு அக்கா முறத்தோடு வீடு வீடாக நுழைந்து வந்தாள். வம்பு பேசப் போகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் எங்கள் வாசலில் முறம் நிறையத் தவிட்டை வைத்து என் கையைப் பிடித்தாள்.

“இவளைத் தவிட்டுக்கு வாங்கிட்டனுங்க. இனி எங்கூட்டுப் புள்ளை. எங்கூட்டுல சாவில்லீங்களே?”

தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது வழக்கம். மலிவான பிள்ளையை எமன் திரும்பிப் பார்க்க மாட்டானாம். அத்தையே அப்படி விற்கப்பட்டுப் பிழைத்தவள். முறத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

நான் விடவில்லை. “நா எங்கம்மா புள்ளை! விக்க நீங்க யாரு?”

“கத்தாதடி, நீலம் ஒழுகுது” என்று அக்கா வீட்டில் முகத்தில் காளியின் நீலச் சாயம் பூசிக் கையில் சூலத்தைக் கொடுத்தார்கள்.

வண்டியில் நான் நடிக்கவே இல்லை. முறைத்தேன், அவ்வளவுதான். “ஆத்தாளே எறங்கிட்டாடோய்!” என்று கூட்டம் கும்பிட்டது. இன்னும் முறைத்தேன். முதல் பரிசாகக் குத்துவிளக்கு கொடுத்தவர், “யாரூட்டுப் புள்ளைங்க இது?” என்று கேட்டார்.

“எங்கூட்டுப் புள்ளைங்க!” கிழவர் குரல் ஒன்று. “எங்கூடுங்க!” பெண் குரல். அப்புறம் எந்தக் குரல் எதுவென்று தெரியாமல் தெருவே கத்தியது. அம்மா நிற்பதாகச் சொன்ன இடத்தில் அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். ஒரு முறம் தவிட்டுக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அத்தை அந்தத் தவிட்டை எருமைத் தொட்டியில் கொட்டினாள். எட்டிப் பார்த்தேன். அது ஒரே தானியத்தின் தவிடுகூட இல்லை. ஒரு பிடி நெல்லு, ஒரு பிடி கம்பு, ஒரு பிடி சோளம்; சிவப்பும் கறுப்புமாக எல்லாம் கலந்து கிடந்தது. நல்ல தவிடு கொடுத்துக்கூட வாங்கவில்லையே என்று தொட்டியை உதைத்தேன்.

எந்தப் பிடி எந்த வீட்டுடையது என்று கேட்கத் தோன்றவில்லை.