குடத்துக்குத்தான் வரிசை

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு எங்களுக்கு ஒரு விசித்திரமான பாடம் வந்தது. மனப்பாடம் கிடையாது, கேள்வித்தாள் கிடையாது. நிஜமாக ஒருவருக்குப் பயன்படுகிற பொருளை நாமே யோசித்து, நாமே வெட்டி, பற்றவைத்து, அவர் கையில் கொடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பத்து வயதிலேயே வீட்டு மிக்ஸியைக் கழற்றி மறுபடி பூட்டியவள் நான். அது அதற்கப்புறம் ஓடவில்லை என்று அம்மா சொல்வாள், அதற்கு முன்னாலும் அது சரியாக ஓடவில்லை என்று நான் சொல்வேன்.

ஒரே சிக்கல், அந்தப் பாடம் முதல் மணி நேரத்தில் இருந்தது. கல்லூரி இராமநாதபுரத்தில், எங்கள் ஊர் சாயல்குடிக்கு அந்தப் பக்கம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் மணிக்குள் போய் உட்கார முடியும். அந்த பஸ்ஸை நான் பிடிப்பதும் பிடிக்காததும் என் கையில் இல்லை, எங்கள் ஊர்க் குழாயின் கையில் இருந்தது.

விடியுமுன் அம்மா குடங்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரக் குழாய்க்குப் போய்விடுவாள். தண்ணீர் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. வந்ததும் எனக்கு போன் வரும். நான் தண்ணி வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். குடம் உட்காருவதற்கு வட்ட வட்டமாக வளையம் வைத்த இரும்பு வண்டி, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும். எங்கள் வண்டியின் சக்கரம் தேங்காய் மூடி அளவு. நிறைகுடத்தோடு மணலில் இறங்கினால் ஏறாது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் என்னைக் கடந்து போகும். கண்டக்டர் எனக்கு டாட்டா காட்டியதும் உண்டு. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; அய்யா உப்பளத்துக்கு அதற்கு முன்பே கிளம்பிவிடுவார். கிளம்பாவிட்டாலும் குடம் தூக்கியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அதனால், அந்தப் பாடத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று சார் கேட்டதுமே, "தண்ணி வண்டி சார்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

வகுப்பே சிரித்தது. "உனக்கு நீயே செஞ்சுக்கிறது இதுல சேராதும்மா. வேற ஆளச் சொல்லு" என்றார்.

"அப்ப எங்கம்மாவுக்கு."

அதை எழுதிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். இந்தப் பாடத்தில் என் வருகை ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. இன்னும் சில காலைகள் தவறினால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள முடியாது, அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டியதுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த வேலையில் என் கூட்டாளி, மண்டபம் அகதி முகாமிலிருந்து ரயிலில் வருகிறவள். பிறந்தது இங்கேதான், ஆனால் பேச்சு முழுக்க அவள் அம்மா அப்பாவின் யாழ்ப்பாணப் பேச்சு. முதல் நாள் என் படத்தைப் பார்த்துவிட்டு, "சில்லு பெருசா இருக்கோணும்" என்றாள். எனக்குச் சில்லு என்றால் பாண்டி விளையாடுகிற ஓட்டுத்துண்டு. வண்டியில் அதற்கென்ன வேலை என்று விழித்தேன். அவள் கையைச் சுழற்றிக் காட்டிய பிறகுதான் சக்கரத்தைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அன்றிலிருந்து எனக்கும் அது சில்லுதான். வரைபடத்திலும் அப்படியே எழுதினோம், சார் சிவப்பில் வட்டம் போட்டார், நாங்கள் மாற்றவில்லை.

முதல் வண்டியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். குடமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். நீல டிரம் ஒன்றைப் படுக்க வைத்து, மேலே மூடி, கீழே குழாய், இரண்டு பக்கமும் பழைய சைக்கிள் சில்லு. வெட்டுவது என் வேலை, வெல்டிங் அவள் வேலை. அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. எட்டுக் குடம் தண்ணீரை நிரப்பிக் கல்லூரி மைதானத்து மணலில் தள்ளினோம், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வாடகைக்குக் குட்டியானை வேன் பிடித்து ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். என் பஸ் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மாவோடு நானும் குழாயடிக்கு முதலிலேயே போனேன். அதுவரை நான் தெரிந்துவைத்திருந்தது தள்ளுகிற பாதி மட்டும்தான். நிற்கிற பாதி அம்மாவுடையது. அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள் நிற்கின்றன. குடத்தை வைத்துவிட்டு ஆட்கள் மதிலில் சாய்ந்து கதை பேசுகிறார்கள். குடங்களுக்கு நடுவில் எங்கள் டிரம், கல்யாணப் பந்தியில் மாடு புகுந்த மாதிரி நின்றது.

எங்கள் முறை வந்தது. எதிர்வீட்டு அத்தை எழுந்து வந்தாள்.

"ஏத்தா, இது எத்தன குடம்?"

"எட்டுக் குடம் பிடிக்கும் அத்த."

"ஒரு சுத்துக்கு வீட்டுக்கு ரெண்டு குடம்தான். தெரியும்ல?"

"ரெண்டு குடம் அளவு பிடிச்சதும் நிப்பாட்டிக்கிறேன்."

"உள்ள எம்புட்டு போச்சுன்னு யாரு பாக்குறது? நீ உள்ள எறங்கிப் பாப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பிறகு குரல்கள் ஏறின. கடைசியில் அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள். "இங்கன குடத்துக்குத்தான் வரிசை. டிரம்முக்குக் கெடையாது."

அம்மா ஓடிப்போய் வீட்டிலிருந்து இரண்டு குடம் எடுத்துவந்து, நிரப்பி, டிரம்மில் ஊற்றினாள். மறுபடி வரிசையில் வைத்து, மறுபடி நிரப்பி, மறுபடி ஊற்றினாள். இடுப்புக்கு ஒரு வேலை இருந்தது இரண்டானது. பஸ் போனது. "வண்டி நல்லாத்தான் இருக்கு. சாமி ஊர்வலத்துக்கு ஆகும்" என்றாள் அம்மா. எனக்கு அழுகை முட்டியது, ஆனால் அத்தைக்கு முன்னால் அழுவதற்கு நான் தயாராக இல்லை.

கூட்டாளியிடம் நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. "நீ ஏன் பிந்துறாய் எண்டு முதல்ல சொல்லு. தள்ளுறதாலயோ, நிக்கிறதாலயோ?" என்று கேட்டாள்.

நிற்பதால்தான். தள்ளுகிற தூரம் கொஞ்சம். நாங்கள் இத்தனை நாள் தப்பான பாதிக்கு வண்டி செய்திருந்தோம். எந்தச் சில்லைப் போட்டாலும் குழாயில் தண்ணீர் சீக்கிரம் வந்துவிடாது.

மற்ற பாதிக்கு என்ன செய்வது என்ற யோசனை என்னுடையது, இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தபோது அத்தையின் தீர்ப்பு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வரிசை குடத்துக்குத்தான் என்றால் ஆள் எதற்கு? நான்கு வீட்டுக் குடங்கள் வரிசையில் இருக்கட்டும், ஒரே ஒரு ஆள் கூட இருந்தால் போதாதா? இன்றைக்கு நாம், நாளைக்கு அவர்கள். அதற்கு வேண்டியது பெரிய டிரம் இல்லை, நான்கு வீட்டுக் குடத்தையும் ஒரே நடையில் சுமக்கிற நீள வண்டி.

டிரம்மைக் கழற்றி எறிந்தோம். சட்டத்தை நீட்டி, எட்டு வளையம் வைத்து, சைக்கிள் சில்லு இரண்டையும் நடுவில் பொருத்தி, முன்னால் ஒரு சின்னச் சில்லு வைத்தோம். கல்லூரியில் சோதித்தபோது சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வீடு வந்ததாகப் பாவனை செய்து முன்னிரண்டு குடத்தை இறக்கினேன். பாரம் பின்னால் போய் வண்டி அண்ணாந்தது. இரண்டு குடம் சாரின் பேண்ட்டை முழங்கால்வரை குளிப்பாட்டியது. அவர் கோபப்படவில்லை. "பின்னாடியும் ஒரு சில்லு வேணும் போல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதில் என் கூட்டாளிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வண்டியைவிட அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. அவளுடைய எவர்சில்வர் குடத்தை இன்னொருத்தி தூக்குவதா? நசுக்கிக் கொண்டுவந்து வைப்பாள், கேட்டால் முன்னாடியே நசுங்கியிருந்தது என்பாள் என்றாள். பழைய சேலையைக் கிழித்து வீட்டுக்கு ஒரு நிறமாகக் குடத்தின் கழுத்தில் கட்டினேன். பிறகு நேராக அத்தை வீட்டுக்கே போனேன்.

"குடம்தான வரிசைல நிக்கிது அத்த, ஆளா நிக்கிது? நீங்கதான் சொன்னீக."

அத்தை என்னை முறைத்தாள். பிறகு, "ஒரு நா போனா மூணு நா போக வேணாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மற்ற இரண்டு வீட்டுக்கும் அவளே போய்ப் பேசிவிட்டாள். குழாயடியில் யாராவது வாய் திறந்தால் அவர்களை அவளே பார்த்துக்கொள்வாள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் முறை எங்களுடையது. எட்டுக் குடத்தையும் அம்மாவும் நானும் தள்ளிக்கொண்டு வந்தோம், நான் வேர்த்து விறுவிறுத்து பஸ்ஸைத் தவறவிட்டேன். இனி ஒரு காலைகூடத் தவறக்கூடாது என்று சார் அன்றைக்கு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அத்தையின் முறை. அலாரம் அடித்து எழுந்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. அம்மா பாயில் படுத்திருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு அவ மொறதான?" என்றாள். ஆமாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து வெளிச்சத்தில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. தூக்கத்தில் அவள் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. அத்தை எங்கள் குடங்களைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நடந்துபோய் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

முதல் மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது நான் இருந்தேன். சார் நிமிர்ந்து பார்த்து, "வண்டியப் பத்தி அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல சார்" என்றேன். "தூங்கிக்கிட்டு இருக்காங்க."