ஐஸ் ஃபேக்டரி இருந்த இடம்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்து மாதா கோயிலில், சமையலறையில் உதவுகிறவர்கள் எல்லாரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள். நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். கிருபாராணி ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆனால் நாலு பேர் முன்னால் எழுத்துக்கூட்ட வெட்கம். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அப்போது எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"புதுக் கண்ணாடி தங்கச்சி. எழுத்து தெரியுதான்னு பாக்கேன்" என்றார்.

தன் படிவத்தை வாய்விட்டு வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் என்ன எழுத வேண்டும் என்று தமிழில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவள் பேனா நிற்கும்வரை அடுத்த வரிக்குப் போகவில்லை. கண்ணாடி புதுசு இல்லை என்பது முடித்து எழுந்தபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கக் கம்பியில் நூல் சுற்றியிருந்தது.

அவர்தான் சத்தியசீலன். தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டு, மனைவி இறந்தபின் மகள் ஜெபினாவோடு வந்து தங்கியிருந்தார். ஜெபினாவுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. அவருக்கு அந்தக் கோயில் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை. யாரும் கொடுத்ததல்ல, அவராக எடுத்துக்கொண்டது. அங்கே ஸ்பானிஷ் பூசை முடிந்ததும் தமிழ்ப் பூசை நடக்கும். இரண்டு கூட்டத்தின் பாத்திரங்களையும் அவரே கழுவுவார், இரண்டு பாஷையிலும் கேலி பேசிக்கொண்டே.

"ஸ்பெயின்காரங்க கட்டுன ஊரெல்லாம் ஒரே அச்சு தங்கச்சி" என்பார். "நடுவுல சதுக்கம். ஒரு பக்கம் கோயில், இன்னொரு பக்கம் கவர்மென்ட் ஆபீஸ். தெருவெல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர் நேரா ஓடும். வெராகுரூஸ்ல எறங்குனாலும் சரி, லீமாவுக்குப் போனாலும் சரி, பூசை எங்கன்னு நான் ஒருத்தரைக் கேட்டதில்ல. மனாகுவா ஒண்ணுதான் என்னைச் சுத்தல்ல விட்டுச்சு."

அந்த மனாகுவாதான் மார்த்தாவின் ஊர். நிகராகுவா நாட்டின் தலைநகரம். மார்த்தா கோயில் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறவள், வயது அறுபதுக்கு மேல். சனிக்கிழமைகளில் கிருபாராணியும் அவளும் சேர்ந்து நாற்காலி அடுக்குவார்கள். பேச்சுக்கு ஆளுக்கு இருபது இங்கிலீஷ் வார்த்தை, மிச்சத்துக்குக் கை.

மார்த்தாவின் நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் மனாகுவாவில் இருக்கும் அக்கா ரொசாரியோவுக்கு ஒரு வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்றாள் மார்த்தா. அக்காவிடம் போன் கிடையாது. போன் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் கோஸ்டா ரிகாவுக்குப் போய் ஒரு வருஷம் ஆயிற்று. கடிதத்தை நடுங்கும் கையால் எப்படியோ எழுதிவிட்டாள். உறையாவது தெளிவாக இருக்கட்டும் என்று கிருபாராணியிடம் கொடுத்தாள். கிருபாராணியின் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

பழைய உறை ஒன்றைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு மார்த்தா விளக்கினாள். ஐஸ் ஃபேக்டரி முன்பு இருந்த இடத்திலிருந்து, ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மேலே ஒரு தெரு. விலாசமே அவ்வளவுதான். கதவு எண்ணும் இல்லை, தெருப்பெயரும் இல்லை.

"ஃபேக்டரி நவ் நோ" என்று கையை விரித்தாள்.

இல்லாத ஒன்றை விலாசத்தில் எழுதினால் தபால்காரர் குழம்பிப்போவாரே என்று கிருபாராணி நினைத்தாள். நல்லெண்ணத்தில்தான், 'முன்பு இருந்த இடம்' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழகாக எழுதினாள். மார்த்தா கண்ணாடி கொண்டுவரவில்லை. அப்படியே தபால்தலையை ஒட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரிப் பனியில், கடிதம் திரும்பி வந்தது. அதற்குள் மார்த்தா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். சம்மதப் படிவம் தலைமாட்டில் கிடந்தது. அக்கா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எட்டு வயதில் இடிந்த வீட்டுக்குள்ளிருந்து அவளை இழுத்துப் போட்டு, தாய்க்குத் தாயாக வளர்த்தவள் அந்த அக்காதான். இனித் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர்.

சத்தியசீலன் திரும்பி வந்த உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் கண்டுபிடிக்கேன்" என்றார்.

மகள் ஜெபினா லேப்டாப்பில் தேடிப் பார்த்தாள். "மேப்ஸ்ல லொகேஷனே வரலப்பா. இது அட்ரஸே இல்ல. ஜஸ்ட் லீவ் இட்."

"கப்பல்ல பொறப்பட்டாச்சுன்னா பாதிக் கடல்ல லீவு கேக்க முடியுமாட்டி?"

நிகராகுவாவின் கொரிந்தோ துறைமுகத்தில் அவர் கப்பலுக்குக் காய்கறி ஏற்றிய வில்ஃபிரெதோவின் நம்பரை மூன்று நாள் தேடிப் பிடித்தார். வில்ஃபிரெதோவின் அண்ணன் மகன் ஒஸ்கார் மனாகுவாவில் டாக்சி ஓட்டுகிறான். சனிக்கிழமை காலை கோயில் சமையலறையில், அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனில் மனாகுவாவின் வெயில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நியூ ஜெர்சி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

சத்தியசீலன் உறையைப் பார்த்து விலாசத்தை வாசித்தார். ஒஸ்கார் நெடுஞ்சாலை ஓரத்து ஐஸ் ஃபேக்டரியிலிருந்து புறப்பட்டான். மனாகுவாவில் வடக்கு என்று சொல்வதில்லை, ஏரிப் பக்கம் என்பார்கள். மேலே என்றால் சூரியன் ஏறும் பக்கம், கீழே என்றால் இறங்கும் பக்கம். ஏரிப் பக்கம் இரண்டு தெரு போய், மேலே ஒன்று திரும்பினான். டயர் கடையும் நீளமான சுவரும்தான் வந்தன. ரொசாரியோ என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"திரும்பப் போ" என்றார் சத்தியசீலன். மறுபடியும் டயர் கடை. "இன்னொருக்க போ, ஐயா." டயர் கடைக்காரர் இந்தத் தடவை கையை ஆட்டிச் சிரித்தார். சத்தியசீலன் சிரிக்கவில்லை. "இன்னைக்குப் பூரா ஓட்டச் சொன்னாலும் ஓட்டுவான். வீடு எங்கயும் ஓடிப்போகாது."

கிருபாராணி போன் பக்கம் குனிந்தாள். அந்த ஃபேக்டரி வாசலில் லாரிகள் நிற்பதைப் பார்த்தாள். மார்த்தா கையை விரித்தது நினைவுக்கு வந்தது. ஐந்து வாரம் வீணானது தன்னாலா? சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மாதாவே என்று ஒருமுறை கண்ணை மூடினாள்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஃபேக்டரி இப்ப இல்லன்னு மார்த்தா சொன்னா. முன்ன இருந்த எடம்னு பழைய கவர்ல இருந்துச்சு. நாந்தான் அத விட்டுட்டேன். நாந்தான்."

சத்தியசீலன் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தாள். அவர் போன் பக்கம் குனிந்து ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். ஒஸ்கார் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"என்னண்ணாச்சி சொல்லுதான்?"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்கான். அது ஊருக்கே தெரிஞ்ச எடமாம். அவன் பொறக்கதுக்கு முன்னாலயே விழுந்துபோச்சு."

எழுபத்திரண்டாம் வருஷம், கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முந்தி, நிலம் ஆடி அந்த ஊரின் நடுப்பகுதி முழுக்க விழுந்துபோனது. ஃபேக்டரிக்காரர் நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டார். சனங்கள் விலாசத்தை மட்டும் மாற்றவில்லை. விழுந்த கடையும் விழுந்த கொட்டகையும் அவர்கள் பேச்சில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அவற்றைத் தொட்டுத்தான் வீட்டுக்கு வழி சொல்கிறார்கள்.

பழைய ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்ரோல் பங்க். டாக்சி அதன் முன்னால் போய் நின்றது. அங்கிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, மேலே ஒன்று. நீலக் கதவைத் திறந்துகொண்டு மெலிந்த அம்மா ஒருத்தி வந்தாள். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, யார் நீங்கள் என்று அதட்டினாள். மார்த்தா பெயரைச் சொன்னதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒஸ்காரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, பனியில் வழுக்கி வழுக்கி இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போனில் அக்கா முகத்தைப் பார்த்ததும் மார்த்தா அழுதாள். அக்கா அழவில்லை. இன்னும் அடம் போகவில்லையா, கையெழுத்துப் போடடி என்று போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். மார்த்தா கையெழுத்துப் போட்டாள்.

ஏன் இத்தனை நாள் என்று அவள் கேட்டபோது, "வழி கொஞ்சம் சுத்திட்டோம்" என்று மட்டும் சொன்னார் சத்தியசீலன். கிருபாராணி தலைகுனிந்து நின்றாள். மார்த்தா வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவளே போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மார்த்தா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உள்ளே போய்ச் சூப்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த கோடையில் ஜெபினாவுக்கு டெக்சாஸில் ரவுண்ட் ராக் பக்கம் வேலை மாறியது. அங்கே போன மறு வருஷம், ஈஸ்டருக்கு முந்திய தவசுக்காலத்தில் சத்தியசீலன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கோயில் கார் நிறுத்துமிடத்தில் விடைகொடுத்த அன்றுதான் கிருபாராணி அவரைக் கடைசியாகப் பார்த்தது. புது வீட்டு விலாசம் கேட்டு, பேனாவும் தாளுமாக நின்றாள். மார்த்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தியசீலன் சொன்னார்: "ஜெபினா அட்ரஸ மெசேஜ்ல போடுவா. ஒனக்கு நான் வேற சொல்லுதேன், எழுதிக்கோ. சீலன் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த எடத்துலேர்ந்து தெக்காம ரெண்டு நாள் கார்ல, அப்புறம் சூரியன் எறங்குற பக்கம் ஒரு நாள். முழுசா எழுது தங்கச்சி, இந்தத் தடவை ஒண்ணையும் விட்டுராத."