அசல்தான்

தேவாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெபராணி இப்போது ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்தினாள். அன்றும் இன்றும் ஒரே வேலை, ஊராருக்காகத் தட்டுவது. அலுத்துப்போச்சு என்று தினமும் சொல்வாள். கடையை மட்டும் விட மாட்டாள்.

அந்தக் காலத்து சாட் ரூமுக்குள் போவது கல்யாண மண்டபத்துக்குள் போவது மாதிரி. வாயில் வந்த பேரைத் தட்டினால் போதும், வாசலில் யாரும் மறிக்க மாட்டார்கள். உள்ளே போனதும்தான் ஏ, எஸ், எல் என்று மூன்றெழுத்தில் ஒரு கேள்வி வரும்.

சோணையம்மாளின் புருஷன் வேல்பாண்டி மஸ்கட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு சாட் ரூமுக்கு வரச் சொல்லியிருந்தான். ஏலத்தோட்ட வேலைக்காரியான அவளுக்கு அன்று ஒருநாள்தான் லீவு. ஜெபராணியின் சென்டரில் உட்கார்ந்து சொந்தப் பேரையே தட்டி உள்ளே போனாள். வேல்பாண்டி என்ற பேரையே காணோம். எவனோ ஒருவன் அந்த மூன்றெழுத்தைக் கேட்டான். அவள் அதை எழுத்துக் கூட்டி 'அசல்' என்று படித்தாள். உண்மையான ஆள்தானா என்று கேட்கிறார்களாம். 'அசல்தான்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

எட்டிப் பார்த்த ஜெபராணி சிரித்துவிட்டாள்.

"அதில்லத்தா. என்ன வயசு, ஆம்பளையா பொம்பளையா, எந்த ஊருன்னு கேக்குறாக."

"மொகந்தெரியாதவுகளுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"இங்கன அப்படித்தான். சொல்லலேன்னா ஒருத்தரும் பேச மாட்டாக."

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஜெபராணியே குனிந்து, அவள் தட்டியதை அழித்துவிட்டு, இருபத்தேழு, பெண், தேவாரம் என்று அனுப்பினாள்.

கேட்டவன் வேல்பாண்டி. வேறு பேரில் வந்து பெண்டாட்டியைச் சோதித்திருக்கிறான், புத்திசாலி. மறுநாள் போனில், "கண்டவனுக்கெல்லாம் வயசு சொல்றியாக்கும்" என்றவன் அப்புறம் கூப்பிடவேயில்லை. ஊருக்கும் வரவில்லை. ஜெபராணி நடந்ததை விளக்கி எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது.

போன வாரம் சோணையம்மாள் கடைக்கு வந்தாள். புருஷன் கைவிட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும். ஏலக்காய் பறித்துத் தேய்ந்த விரல் மெஷினில் பதியவில்லை. மூன்று தடவை துடைத்து வைத்தும் சிவப்பு விளக்குதான்.

"நெசமாவே நீதானான்னு கேக்குது" என்றாள் ஜெபராணி அலுப்போடு.

சோணையம்மாள் விரலை எடுக்கவில்லை.

"அன்னைக்கே அசல்தான்னு தட்டுனேன். நீதானத்தா அழிச்ச."